சாடிக்குள் நிற்கும் தண்ணீர்

புளத்கொகுபிட்டிய என்ற பெயரைச் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் சொல்லிப் பிரித்துக் கேட்டால் மூன்று சொற்கள் கிடைக்கும். புலத் என்றால் வெற்றிலை. கொஹு என்றால் தேங்காய்த் தும்பு. பிட்டிய என்றால் திடல். ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை ஊர்க்கதைகளுக்கு விட்டுவிடலாம். ஆனால் சாடியில் செடி வளர்த்துப் பண்டிகைக்குப் பரிசாகக் கொடுக்க நினைப்பவருக்கு முதல் இரண்டு சொற்களே பாதி வேலையை முடித்துவிடும்: நடுவதற்கு ஒரு வெற்றிலைக் கொடித்துண்டு, நிரப்புவதற்குத் தேங்காய்த் தும்பு. மூன்றாவது சொல்தான் இடிக்கிறது. திடல் இங்கே யாரிடம் இருக்கிறது?

கேகாலை மாவட்டத்தில் யட்டியந்தோட்டை, ருவன்வெல்ல, அரநாயக்க எல்லாம் இந்த ஊருக்கு அக்கம்பக்கம். மேலே தேயிலை, கீழே இறப்பர், இரண்டுக்கும் நடுவில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள். பத்துக்குப் பன்னிரண்டடி காம்பராவும் அதன் முன்னால் ஒரு ஒடுங்கிய இஸ்தோப்பும் வாசலில் ஒரு சீமெந்துக் கட்டும்தான் பல குடும்பங்களுக்குப் பரம்பரையாக வாய்த்த இடம். மண் தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே செடி எல்லாம் பாத்திரத்தில் ஏறிக்கொண்டது. பால்மா டின்னில் ரம்பை, பெயின்ற் வாளியில் கறிவேப்பிலை, உரப்பையில் மிளகாய், ஓட்டையான கேத்தலில் கற்றாழை. நல்ல நாளில் உறவு வீட்டுக்குப் போகும் ஒருவர் கையில் பலகாரப் பொட்டலத்தோடு ஒரு வேர்விட்ட கொப்பும் போவது இங்கே புதிதல்ல. நகரத்துக் கடைகளில் நாடா கட்டி விற்கப்படும் பரிசுச் சாடிகளைப் பார்த்து யாரும் கற்றுக்கொண்ட வழக்கமும் அல்ல.

இப்படிக் கொடுக்கப்படும் செடிகளில் எத்தனை, ஒரு மாதம் கழித்தும் உயிரோடு நிற்கின்றன? சாகும் சாடிச் செடிகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் கிடைக்கும். தண்ணீர் போதாமல் அல்ல, தண்ணீர் போகாமல் சாகின்றன. அதுவும் அடியில் ஓட்டை போட்ட சாடியில்.

இதைப் புரிந்துகொள்ள அடுப்படியில் கிடக்கும் ஸ்பொஞ்ச் ஒன்று போதும். நீள்சதுரமாக இருப்பது நல்லது. அதைத் தண்ணீரில் முக்கி எடுத்து, தட்டையாக உள்ளங்கையில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு நின்றுவிடும். இனி வராது என்று தோன்றும்போது அதை மெதுவாக நிமிர்த்தி, நெட்டுக்கு நிற்கும்படி பிடியுங்கள். பிழியவில்லை, உதறவில்லை. ஆனாலும் தண்ணீர் மறுபடி சொட்டத் தொடங்கும்.

ஸ்பொஞ்சின் நுண்துளைகள் நீரைப் பிடித்து இழுத்து வைத்திருக்கின்றன. இது மயிர்த்துளை விசை. பூமியின் ஈர்ப்பு அதே நீரைக் கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் உயரம் ஒன்று உண்டு. அந்த உயரம் வரை அடிப்பகுதி எப்போதும் நீரால் நிறைந்தே நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது துளையின் அளவுதான்; ஸ்பொஞ்ச் எவ்வளவு பெரிது என்பதற்கு அதில் பங்கில்லை. தட்டையாகப் பிடித்தபோது ஸ்பொஞ்ச் முழுவதுமே அந்த உயரத்துக்குள் அடங்கியிருந்தது. நிமிர்த்தியதும் மேற்பகுதி அந்த எல்லைக்கு மேலே போய்விட்டது, அங்கே இருந்த நீர் இறங்கிவிட்டது.

சாடியிலும் இதே கதைதான். ஒரு கலவையின் அடியில் 4 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் தேங்கி நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். 20 சென்ரிமீற்றர் ஆழமான வாளியில் அது ஐந்தில் ஒரு பங்கு. 8 சென்ரிமீற்றர் ஆழமான அழகுக் கிண்ணத்தில் அது பாதி. பரிசுக்கென்று ஆசையாகத் தேர்ந்தெடுக்கும் குட்டைச் சாடிகள் ஏன் சீக்கிரம் அழுகுகின்றன என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. தோட்டத்து நிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஈரத்துக்குக் கீழே இன்னும் பல அடி மண் தொடர்ந்து இருந்து நீரைக் கீழே வாங்கிக்கொண்டே போகிறது. சாடியின் அடியில் இருப்பது காற்று. காற்று நீரை உறிஞ்சாது. நீர் தானாகத் ததும்பினால்தான் ஓட்டை வழியே வெளியேறும். நிலத்தைக் குறுக்கினால் சாடி ஆகிவிடும் என்ற நினைப்பை முதலில் விட்டுவிட வேண்டும். இரண்டின் பௌதிகமும் வேறு.

அப்படியானால் அடியில் கல் போட்டால்? அநேகமாக எல்லா வீட்டிலும் செய்வது இது: ஓட்டையின் மேல் ஒரு பிடி சரளை, அதன் மேல் மண். நீர் நன்றாக வடியும் என்று நம்பிக்கை. நடப்பது தலைகீழ். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள சரளைக்கு நீர் எளிதில் இறங்காது. மண் தன் எல்லை வரை நிறைந்த பிறகுதான் இறங்கும். ஆகவே தேங்கும் ஈரம் சரளைக்கு மேலே ஏறி உட்காரும். வேருக்கென்று இருந்த ஆழமும் சரளையின் அளவுக்குக் குறைந்துவிடும். ஓட்டையை அடைக்காமல் இருக்க ஓர் உடைந்த ஓட்டுத்துண்டு வைப்பதில் தவறில்லை. கல் அடுக்கை மறந்துவிடலாம்.

நீர் தேங்குவது வேருக்கு ஏன் கெடுதி? வேரும் மூச்சு விடுகிறது. ஒட்சிசன் நீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. மண்ணின் துளைகள் எல்லாம் நீரால் அடைபட்டால் வேர் நுனிகள் திணறிச் சாகும். செத்த வேர் நீரை உறிஞ்சாது. இலை வாடும். வாடிய இலையைப் பார்த்துப் பரிசு வாங்கியவர் பதறிப்போய் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுவார். அன்போடு செய்த கொலை என்று சொன்னால் மிகையில்லை.

இனிக் கலவை. புளத்கொகுபிட்டிய இலங்கையின் ஈரவலயத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் பகுதியைத்தான் ஈரவலயம் என்கிறார்கள். நூற்றாண்டுகளாக மழை கழுவிக் கழுவிச் சத்தும் சுண்ணாம்பும் போன புளிப்பான செம்மஞ்சள் களிமண் இது. தேயிலை இந்தப் புளிப்பை விரும்பும். ஆனால் இதே மண்ணை வெட்டி டின்னில் போட்டால், இரண்டு மழையில் இறுகிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். சரிவில் மண் வெட்டுவதற்கு இன்னொரு தடையும் உண்டு. 2016 மே மாதப் பெருமழையில் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாட்களில் புளத்கொகுபிட்டியப் பக்கத் தோட்ட லயங்களின் மேலும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. லயத்துக்குப் பின்னால் இருக்கும் வெட்டுச்சுவரை ஒரு கூடை மண்ணுக்காகக் கூடச் சுரண்டக்கூடாது என்பது இங்கே உயிர் பற்றிய விஷயம்.

அதனால்தான் கொஹு. தேங்காய் மட்டையிலிருந்து தும்பை இழுத்தெடுக்கும்போது உதிரும் தவிட்டு நிறத் தூளைத் தமிழில் தும்புச்சோறு என்றும் சிங்களத்தில் கொஹுபத் என்றும் சொல்கிறார்கள். இரண்டு மொழியிலும் அது சோறுதான். ஒரு காலத்தில் ஆலைகளுக்குப் பக்கத்தில் மலையாகக் குவிந்து கிடந்த கழிவு இது. இன்று ஐரோப்பியக் கண்ணாடிக் கூடாரங்களில் தக்காளி இதிலும் நிற்கிறது. அங்கே முன்னர் பயன்பட்டது சதுப்பு நிலங்களிலிருந்து வெட்டி எடுத்த பீட். அது ஒரு மில்லிமீற்றர் சேர ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடிக்கும். தேங்காய் மட்டையோ ஆண்டு முழுவதும் விழுகிறது.

தும்புச்சோறு தன் எடையைப்போல் எட்டு ஒன்பது மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். காய்ந்தால் இறகு மாதிரி எடையற்றுப்போகும். லிக்னின் அதிகம் என்பதால் எளிதில் மக்காது, சாடியில் அமுங்காது. ஆனால் அப்படியே போட்டு நிரப்புவது ஆபத்து. கடலோர உப்பங்கழிகளில் ஊறப்போட்ட மட்டையிலிருந்து வந்த தூளில் சோடியமும் குளோரைட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வாளியில் ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து வடிக்க வேண்டும். மூன்று முறை போதும். இன்னொரு குறை, அதில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. சுமார் நூறுக்கு ஒன்று. அதை அரிக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைதரசனைச் செடியின் பங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இலை வெளிறும். ஆகவே நன்றாக மக்கிய சாணமோ கூட்டெருவோ சேர்க்காமல் தும்புச்சோறு உணவாகாது, பெயர்தான் சோறு.

கையில் கிடைப்பதை வைத்துச் சொன்னால், தும்புச்சோறு இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, பருமணலோ உடைத்த ஓட்டுச்சல்லியோ கரி உமியோ ஒரு பங்கு. குட்டைச் சாடியானால் கடைசிப் பங்கைக் கூட்டுங்கள். துளை பெரிதானால் தேங்கும் நீரின் உயரம் குறையும் என்பது ஸ்பொஞ்ச் சொன்ன பாடம்.

பாத்திரம் எதுவாக இருக்கலாம்? இறப்பர் தோட்டத்தில் இந்தக் கேள்விக்கு மரத்தடியிலேயே ஒரு விடை கிடந்தது. பிளாஸ்ரிக் கோப்பைகள் வருவதற்கு முன்னர் வெட்டிய மரத்தில் பால் பிடித்தது சிரட்டையில்தான். தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில் மூன்று கண்கள் இருக்கும். அவற்றில் ஒன்று மெல்லியது, முளை வெளியே வருவதற்காக இயற்கை விட்டுவைத்த வாசல். பால் பிடிக்கக் கண்ணில்லாத பாதி நல்லது. செடி நடக் கண் உள்ள பாதி நல்லது, ஒரு ஆணியால் குத்தினால் வடிகால் தயார். ஆனால் சிரட்டை மிகவும் ஆழம் குறைந்தது. வல்லாரைக்கோ பாசிக்கோ பொருந்தும், மிளகாய்க்குப் பொருந்தாது.

மண்சட்டி தன் சுவர் வழியே நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சட்டியிடமிருந்து எடுத்துக்கொள்வதால் வேர் குளிர்ந்திருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். டின்னுக்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் வாளிக்கும் அந்த வசதி இல்லை. பின்னேர வெயில் நேரே விழும் இஸ்தோப்பில் அவற்றின் சுவரோரம் வேர் வெந்துபோகும். வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெப்பம் குறையும், பரிசு என்ற அழகும் வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட மலிவான, யாரும் அழகென்று சொல்லாத பாத்திரம் உரப்பைதான். வழுவழுப்பான வட்டச் சாடியில் வேர் சுவரை முட்டித் திரும்பிச் சுற்றிச் சுற்றி ஓடி ஒரு சும்மாடு மாதிரி பின்னிக்கொள்ளும். பின்னல் பையிலோ வேர் நுனி இடுக்கு வழியே காற்றைத் தொட்டதும் காய்ந்து நின்றுவிடும். அதற்குப் பின்னால் புதுக் கிளைவேர்கள் வெடிக்கும். வெளிநாட்டு நாற்றங்கால்களில் துணிச்சாடி என்று விலை வைத்து விற்பது இந்தத் தத்துவத்தைத்தான்.

தோட்டத்துப் பெண்களுக்கு இந்த வேலை ஒன்றும் அந்நியமல்ல. தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் ஓர் இலையும் சிறு தண்டும் மட்டுமுள்ள துண்டை வெட்டி, பொலித்தீன் உறையில் நிரப்பிய மண்ணில் குத்தி, நிழல் போட்டு, ஈரம் காத்து, மாதக்கணக்கில் வளர்த்து மலைக்கு அனுப்புகிறவர்கள் அவர்கள். வீ.பி. தேயிலை என்று தோட்டத்தில் சொல்வது இப்படி வந்த கன்றுகளைத்தான். விதையிலிருந்து வரும் செடி தாயைப்போல் இருக்கும் என்று நிச்சயமில்லை. துண்டிலிருந்து வருவது தாயின் நகல். வெட்டிய தண்டில் மேலிருந்து கீழே இறங்கும் ஒக்சின் என்ற ஹோர்மோன் வெட்டுவாயில் வந்து சேர்ந்து, தண்டுக் கலங்களை வேராக மாறச் சொல்கிறது. வெற்றிலைக் கொடிக்கு இது இன்னும் எளிது. அது மரம் பற்றி ஏறும்போதே கணுக்களில் வேர் விடும் இயல்புள்ளது. மூன்று கணு உள்ள துண்டை எடுத்து, இரண்டு கணுவை மண்ணுக்குள் புதைத்து நிழலில் வைத்தால் ஒன்றரை இரண்டு மாதத்தில் கையில் கொடுக்கக்கூடிய செடி தயார். கேகாலை வெற்றிலைக்குப் பெயர்பெற்ற மாவட்டம். சித்திரைப் புத்தாண்டில் பெரியவர்களுக்கு வெற்றிலை கொடுத்து வணங்கும் ஊரில், வெற்றிலைக்குப் பதில் கொடியையே கொடுப்பது இன்னும் ஒரு படி மேல்.

சாடியில் வைத்த செடி இந்த மலைகளின் சரித்திரத்தையே மாற்றியிருக்கிறது. 1829இல் லண்டனில் நதானியேல் வார்ட் என்ற வைத்தியர் ஒரு மூடிய கண்ணாடிப் போத்தலில் ஈரமண்ணைப் போட்டு, அதில் ஓர் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை வைத்துக் காத்திருந்தார். புழுவைப் பார்க்கப் போனவர் கண்டது மண்ணில் முளைத்த ஒரு பன்னமும் ஒரு புல்லும். லண்டன் புகையில் தன் தோட்டத்தில் எத்தனையோ முறை வளர்க்கப் பார்த்துத் தோற்ற பன்னம் மூடிய போத்தலில் தானாக வந்திருந்தது. பகலில் இலையும் மண்ணும் விட்ட ஆவி கண்ணாடியில் குளிர்ந்து வடிந்து மறுபடி மண்ணுக்கே போனது. உள்ளே ஒரு சின்ன மழை. வார்ட் இதைப் பெட்டியாகச் செய்தார். 1833இல் செடிகளை அதில் வைத்துச் சிட்னி வரை கப்பலில் அனுப்பினார். அவை பிழைத்துப் போய்ச் சேர்ந்தன. அதுவரை கப்பல் தளத்து உப்புக் காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் பெரும்பாலான செடிகள் வழியிலேயே செத்தன. றொபர்ட் போர்ச்சூன் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கடத்தியதும் இந்தப் பெட்டியில்தான்.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை நூற்றுக்கு நான்கைக்கூட எட்டவில்லை. அவற்றில் 1,919 கன்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறின. பெரும்பாலானவை பிழைத்தன, கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. கேகாலையின் இறப்பர் மலைகளுக்கு மூலம் அந்த 38 பெட்டிகள். அந்த மரங்களில் பால் வெட்டக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு நிலம் கிடைக்கவில்லை, சாடி கிடைத்தது. சரித்திரம் சில நேரம் இப்படியும் வட்டம் போடும்.

வார்டின் பெட்டி இன்று பரிசுப் பொருளாகக் கண்ணாடிப் போத்தலில் வருகிறது. லயத்துக் கானில் சுவரோரம் முளைக்கும் பாசியும் குட்டிப் பன்னமும் கழுவிய ஜாம் போத்தலும் போதும், காசு செலவில்லை. வெயிலில் வைத்தால் மட்டும் உள்ளே வெந்துவிடும். போத்தல் எப்போதும் முழுதாக வியர்த்திருந்தால் மூடியை ஒரு நாள் திறந்து வைக்கலாம்.

பண்டிகைச் சாடி என்றால் உண்மையில் எல்லாவற்றுக்கும் மூத்தது முளைப்பாரி. அம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் நவதானியத்தை ஊறவைத்து, வைக்கோலும் எருவும் இட்ட சட்டியில் தூவி, இருட்டறையில் வைத்து நீர் தெளித்து வருவார்கள். ஏழெட்டு நாளில் ஒரு முழ உயரத்துக்கு வெளிர் மஞ்சள் முளைகள் நெருங்கி நிற்கும். அம்மன் அருளோ இல்லையோ, அந்த நிறத்துக்கும் உயரத்துக்கும் காரணம் இருட்டு. விதை மண்ணுக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறது. பச்சையம் செய்யச் சத்தைச் செலவழிக்காமல் முழு இருப்பையும் தண்டை நீட்டப் போடுகிறது, எப்படியாவது வெளிச்சத்தைத் தொட்டுவிட. வெளிச்சம் வந்துவிட்டதா என்று சொல்லும் புரதத்தின் பெயர் பைற்றோகுரோம். சட்டியை வெளியே எடுத்ததும் அது விழித்துக்கொள்கிறது. முளை நீள்வதை நிறுத்திப் பச்சையாகத் தொடங்குகிறது. ஊர்வலம் முடிந்து ஆற்றில் விடும்போது நுனிகளில் பச்சை தட்டியிருக்கும்.

ஈரானில் நவ்ரூஸ் புத்தாண்டுக்குத் தட்டில் கோதுமையோ பருப்போ முளைக்கவைத்து மேசையில் வைக்கிறார்கள். பதின்மூன்றாம் நாள் ஓடும் நீரில் விடுகிறார்கள். இத்தாலியின் சிசிலியில் பெரிய வியாழனுக்காகக் கோதுமையை இருட்டில் வெளிறவைத்துத் தேவாலயத்தில் வைக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாகச் சொல்வதற்கு அவசியமில்லை. தானியம் விதைக்கிற எந்தச் சமூகமும் கையில் ஒரு தட்டும் ஒரு பிடி விதையும் இருந்தால் இதைக் கண்டுபிடித்துவிடும். பத்து நாளில் கொடுக்க வேண்டிய பரிசு என்றால் முளைப்பாரிச் சட்டிக்கு ஈடில்லை: உரம் வேண்டாம், வேருக்கு ஆழம் வேண்டாம், விதையின் இருப்பே போதும். இருட்டில் வைக்காமல் இஸ்தோப்பில் வைத்தால் குட்டையாக, கரும்பச்சையாக, உறுதியாக வரும். வெந்தயமோ பயறோ போட்டால் வாங்கியவர் கறிக்கே அரிந்துகொள்ளலாம்.

அதே பைற்றோகுரோம்தான் நத்தாருக்குப் பொயின்செட்டியாவைச் சிவக்கவைக்கிறது. மெக்சிக்கோவின் இந்தச் செடிக்கு, 1820களில் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பொயின்செற்றின் பெயர். சிவப்பது பூ அல்ல, பூவைச் சுற்றிய இலைகள். நீண்ட, குறுக்கீடு இல்லாத இரவுகள் தொடர்ந்து வந்தால்தான் அவை நிறம் மாறும். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், ஜூன் மாதப் பகலுக்கும் டிசெம்பர் மாதப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. அந்தச் சின்ன வித்தியாசத்தையும் செடி எண்ணுகிறது. ஆனால் இரவில் எரியும் இஸ்தோப்பு பல்ப்புக்குக் கீழே சாடியை வைத்தால் கணக்குக் குழம்பிவிடும்; டிசெம்பர் வந்தும் பச்சையாகவே நிற்கும். ஒக்டோபரிலிருந்து மாலை ஆறு மணிக்குப் பிறகு வெளிச்சம் படாத மூலையில் வைப்பதுதான் வழி.

தீபாவளிச் சாடிக்கு எதிரி வேறு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் தவறாமல் இடியும் மழையும். அந்த நேரத்தில் கொடுக்கும் சாடி தாழ்வாரத்துக்கு உள்ளே நிற்க வேண்டும். மூன்று சின்னக் கற்களின் மேல் ஏற்றி வைத்தால் ஓட்டை சீமெந்தோடு ஒட்டி அடைபடாது. டின்னானால் ஓட்டையை அடியில் போடுவதைவிடப் பக்கவாட்டில் அடிவிளிம்பை ஒட்டிப் போடுவது மேல்.

தைப்பொங்கலுக்கு என்றால் ஒரே விடைதான்: மஞ்சள். பொங்கல் பானையின் கழுத்தில் இலையோடு கட்டும் மஞ்சள் கொத்தைக் கடையில் தேடுகிறவருக்கு உரப்பையோடு முழுச் செடியைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். 2019 இறுதியில் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியதும் விலை பல மடங்கு ஏறியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகில் வந்த மஞ்சள் மூடைகளைக் கடற்படை பிடித்த செய்தி அந்த நாட்களில் அடிக்கடி வந்தது. அப்போது பலரும் வீட்டில் ஒரு பை மஞ்சள் போட்டார்கள். மஞ்சள் நிழலைப் பொறுக்கும், இறப்பர் மரத்தடி வெளிச்சத்திலும் வளரும். சித்திரை மழையில் கிழங்கு நட்டால் எட்டு ஒன்பது மாதத்தில் முற்றும், ஆனால் அதற்குள் இலை காயத் தொடங்கிவிடும். பானையில் கட்டப் பச்சை இலை வேண்டுமென்றால் ஓரிரு மாதம் பிந்தி நடுவது நல்லது. ஒரு பைக்கு இரண்டு மூன்று கிழங்குத் துண்டுக்கு மேல் வேண்டாம். பையை முதலில் பாதி மடித்து நட்டு, செடி உயர உயர விளிம்பை விரித்துக் கலவையைச் சேர்த்துக்கொண்டு போகலாம்.

சாடியின் மதிப்பு நாட்டு நிலவரத்தோடு ஏறி இறங்கும். 2022 செப்டெம்பரில் இலங்கையின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டிருந்தது. கொழுந்து பறிப்பவருக்கும் பால் வெட்டுபவருக்கும் அந்த விடுமுறை இல்லை. அந்த ஆண்டில் காய்க்கும் நிலையில் ஒரு மிளகாய்ச் சாடியைப் பரிசாகப் பெற்றவர், அதை அலங்காரப் பொருளாக நினைத்திருக்க மாட்டார்.

கொண்டுபோவது இன்னொரு வேலை. கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ நிற்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ் ஜன்னல் காற்றில் இலை இழக்கும் நீரை, ஆட்டம் கண்ட வேரால் ஈடுகட்ட முடியாது. இறங்கும்போது செடி தொங்கிப்போயிருக்கும். வார்டின் பெட்டியை இங்கே மலிவாகவே செய்யலாம். பெரிய ஒளிபுகும் பொலித்தீன் பையைச் சாடிக்கு மேலே கவிழ்த்துத் தளர்வாகக் கட்டினால் ஆவி உள்ளேயே நிற்கும். வெயில் படாத பக்கத்தில் வைக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் பையை ஒரேயடியாகக் கழற்றாமல் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது நல்லது. தும்புச்சோற்றுக் கலவை மண்ணைவிட எவ்வளவோ எடை குறைவு என்பதும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிறவருக்குத் தெரியும்.

கடைசியாகத் தட்டு. சாடிக்குக் கீழே அழகுக்காக வைக்கும் அந்தத் தட்டில் தேங்கும் இரண்டு விரற்கடைத் தண்ணீர்தான் டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்புக்கு மிகப் பிடித்த தொட்டில். முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கிடக்கும் முட்டைகள் தண்ணீரை ஊற்றிவிட்டாலும் போவதில்லை. காய்ந்தபடியே மாதக்கணக்கில் காத்திருக்கும், அடுத்த ஈரத்தில் பொரிக்கும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேக நோயாளிகளாகப் பதிவானார்கள். தட்டு வைத்தே தீர வேண்டுமென்றால் அதை மணலால் நிரப்பி, வாரம் ஒரு முறை எடுத்துத் தேய்த்துக் கழுவச் சொல்லிக் கொடுங்கள். அதைவிட, தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, சாடியையும் மூன்று கல்லையும் மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள்.